சீனி போடாத தேசிக்காய்த் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வந்துவிடும். கடல் நாலு அடி தூரத்தில் இருந்தும் காற்று அசையாது, இரவிலும் புழுக்கம் இறங்காது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு அந்த நாட்களில் யார் வந்தாலும் முதலில் கையில் கொடுப்பது தேசிக்காய்த் தண்ணீர்தான். அதில் வெள்ளைச் சீனி போடுவதில்லை. பனங்கட்டி, கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு), தேன், சில நாட்களில் வெறும் பழம்.

குடித்தவர்கள் செய்முறை கேட்பார்கள். வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு தொலைபேசி எடுப்பார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஆகவே அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"தேசிக்காயும் எலுமிச்சையும் ஒன்றா? சூப்பர் மார்க்கெட்டில் லெமன் என்று மஞ்சளாகப் பெரிதாக இருக்கிறதே, அது என்ன?"

நாங்கள் தேசிக்காய் என்பதைத்தான் மலையகத்து நண்பர்கள் எலுமிச்சை என்கிறார்கள். சின்னது, உருண்டை, மெல்லிய தோல். லெமன் அதன் உறவுதான், ஆனால் வேறு பழம். தோல் தடிப்பு, புளிப்பு கொஞ்சம் மென்மை. இரண்டிலும் இந்தப் பானம் செய்யலாம். ஆனால் எங்கள் தேசிக்காயில் உள்ள வாசம் லெமனில் வராது. விலையும் லெமனுக்கு அதிகம்.

சந்தையில் பச்சைப் பசேலென்று கல் மாதிரி இருப்பதை விடுங்கள். இளமஞ்சள் தட்டி, தோல் வழுவழுப்பாக, கையில் எடுத்தால் பாரமாக இருப்பதுதான் சாறு உள்ளது.

"அளவைச் சரியாச் சொல்லுங்கோ அன்ரி. நான் செய்தா ஒருநாள் புளிக்குது, ஒருநாள் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு."

ஒரு லீற்றர் தண்ணீருக்கு நடுத்தர அளவில் 4 தேசிக்காய், 4 மேசைக்கரண்டி பனங்கட்டிப் பாகு, இரண்டு விரலால் கிள்ளிய உப்பு. இது நாலு கிளாஸ் வரும். பாகு காய்ச்சும் விதம் அடுத்த பதிலில் இருக்கிறது.

உங்களுக்கு ஒருநாள் மாதிரி ஒருநாள் வராததற்குக் காரணம், காயை எண்ணுவது. மழையில்லாத வறண்ட மாதங்களில் வரும் ஒரு காயில் ஒரு மேசைக்கரண்டி சாறுகூட வராது. நல்ல காயில் இரண்டு வரும். ஆகவே காயை எண்ணாமல் சாற்றை அளந்து ஊற்றுங்கள்: லீற்றருக்கு 80 மில்லிலீற்றர், அதாவது ஐந்தரை மேசைக்கரண்டி அளவு. தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் இருந்தால் தேசிக்காயின் வாசத்தை அது கெடுத்துவிடும். கொதிக்கவைத்தால் அந்த மணமும் போய்விடும்.

வெட்டுவதற்கு முன் காயை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். உள்ளே சுளைகள் உடைவது கைக்குத் தெரியும், விறைப்பாக இருந்த காய் தொளதொளவென்று ஆகும். பிரிட்ஜிலிருந்து எடுத்த காய் என்றால் ஐந்து நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டுவிட்டு உருட்டுங்கள்.

"பனங்கட்டியை அப்படியே தண்ணிக்குள்ள போட்டுக் கலக்கினேன். கரையேல்ல, அடியில மண்ணும் கிடந்தது."

பனங்கட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் போடக் கூடாது. கால் கிலோ பனங்கட்டியைத் தட்டி உடைத்து, 200 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஐந்து ஆறு நிமிடம் வையுங்கள். முழுக்கக் கரைந்து மேலே நுரை கட்டியதும் இறக்கி, வெள்ளைத் துணியில் வடியுங்கள். ஓலைத் துணுக்கு, தும்பு, பொடி மண் எல்லாம் துணியில் நிற்கும். குட்டானில் (சின்ன ஓலைப் பெட்டியில்) வந்த கட்டியில் இவை இருப்பது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

பாகு சூடாக இருக்கும்போதே ஒரு தேசிக்காயின் வெளித்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிப் போட்டு, ஆறியதும் எடுத்துவிடுங்கள். தோலில் உள்ள எண்ணெய்தான் தேசிக்காயின் வாசமே. அந்த வாசம் பாகில் ஏறிவிட்டால் நாக்கு அதிகம் இனிப்புக் கேட்பதில்லை. நாலு கரண்டி ஊற்றிய இடத்தில் மூன்று போதும் என்று நான் கண்டுகொண்டது இப்படித்தான்.

"பனங்கட்டி, கித்துள் பாணி, தேன், தென்னம்பாணி... எது திறம்?"

நாலும் நாலு குணம். பனங்கட்டி எனக்கு முதல். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரை (பதநீரை)க் காய்ச்சி எடுப்பது. அதில் ஒரு மெல்லிய உவர்ப்பும் புகை மணமும் இருக்கும். தேசிப் புளிப்பின் கூர்மையை அது மழுக்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்வேன். இல்லாவிட்டால் வெள்ளவத்தைக் கடைகளிலும், பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும் கிடைக்கும்.

கித்துள் பாணி ஏற்கெனவே பாகுதான், காய்ச்சும் வேலை இல்லை. ஆனால் அதன் சுவை பலமானது. லீற்றருக்கு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்றினால் தேசிக்காய் எங்கேயோ போய்விடும், தயிரும் பாணியும் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கித்துளுக்கு ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். தென்னம்பாணி அதைவிட மென்மை, நிறமும் குறைவு.

தேனில் பழச்சீனி அதிகம். அது குளிரில் இன்னும் இனிப்பாகத் தெரியும் தன்மை கொண்டது. ஆகவே ஐஸ் போட்டுக் குடிக்கிற பானத்துக்குத் தேன் கொஞ்சமே போதும். ஆனால் ஐஸ் தண்ணீரில் நேரே விட்டால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள்.

"நான் வாங்கின கித்துள் பாணி சுத்தமானதுதானா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சீனிப்பாகு கலந்து விற்பது நீண்ட நாளைய குறை. தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார், தாளில் தடவிப் பார் என்று பலர் சொல்கிறார்கள். நானும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்; தடிப்பாகக் காய்ச்சிய சீனிப்பாகும் அப்படியேதான் நடந்துகொள்கிறது. வீட்டில் வைத்து உறுதியாகச் சொல்ல வழியில்லை.

மூக்கையும் நாக்கையும்தான் நான் நம்புகிறேன். நல்ல பாணியில் புகையும் மெல்லிய துவர்ப்பும் இருக்கும், விழுங்கிய பிறகும் வாயில் நிற்கும். கலந்தது வெறும் இனிப்பாக வந்து உடனே மறைந்துவிடும். லேபலில் உள்ள சேர்மானங்களை வாசியுங்கள். கித்துள் இறக்கும் ஊர்ப்பக்கத்தில் தெரிந்தவர் இருந்தால் அவர் மூலம் வாங்குவதுதான் நல்ல வழி.

"இனிப்பே சேர்க்காமல் பழத்தாலேயே இனிப்பாக்க முடியாதா?"

முடியும், எனக்குப் பிடித்த வழியும் அதுதான். செவ்விளநீர் ஒன்றை வெட்டி, அதற்குள் அரைத் தேசிக்காய் பிழிந்து பாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். வீதியோரத்தில் விற்கும் இளநீர்க்காரர் ஓட்டை போட்டுத் தந்த கையோடு, பையிலிருந்து தேசிக்காய் எடுத்துப் பிழிந்து குடித்திருக்கிறேன்.

நன்றாகப் பழுத்த அன்னாசி கால் பங்கு அரைத்து வடித்தால் ஒரு லீற்றருக்குப் போதும். அதற்குத் தேசிச்சாற்றைப் பாதியாகக் குறையுங்கள், அன்னாசியே புளிக்கும். வத்தகப்பழம் அரைத்து நாலு தேசிக்காயும் புதினாவும் போட்டால் பிள்ளைகள் ஜக்கோடு எடுத்துக்கொண்டு போவார்கள். கொடித்தோடை இங்கே உதவாது, அதுவும் புளிப்பு.

நோன்புக்கு வாங்கிய பேரீச்சம்பழம் மிஞ்சியிருந்தால் எட்டுப் பழத்தைக் கொட்டை நீக்கிச் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மைபோல அரைத்துக் கலக்குங்கள். பானம் கலங்கலாக, கஞ்சித் தடிப்பில் வரும். எங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரி ஊறவைத்த கசகசாவும் (இங்கே அது திருநீற்றுப்பச்சை விதை) சேர்த்து இப்படிச் செய்வார். நோன்பு திறக்க அதைவிட நல்லது எது என்று எனக்குத் தெரியவில்லை.

"கொஞ்ச நேரத்தில கைக்குது. என்ன பிழை விட்டேன்?"

மூன்றில் ஒன்று. விதை உள்ளே கிடந்திருக்கும், அல்லது தோல் கிழியுமட்டும் பிழிந்திருப்பீர்கள், அல்லது முழுக்காயையும் பிளண்டரில் அடித்திருப்பீர்கள். விதையிலும் உள்வெள்ளைத் தோலிலும் உள்ள ஒரு பொருள் சாற்றின் புளிப்போடு சேர்ந்து மெல்ல மெல்ல லிமோனின் என்ற கைப்பாக மாறும். பிழிந்தவுடன் தெரியாமல் அரை மணி, ஒரு மணி கழித்துக் கைப்பது இதனால்தான்.

குறுக்காக வெட்டி, விதையைக் கத்தி நுனியால் தட்டிவிட்டு, ஒரே தடவை பிழிந்து விடுங்கள். கடைசிச் சொட்டுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். கைத்துப் போனதற்கு இனிப்பு மேலும் மேலும் சேர்ப்பது பலன் தராது. ஒரு கிள்ளு உப்பு கொஞ்சம் அடக்கும்.

"உப்புக் கட்டாயமா?"

கட்டாயமில்லை, ஆனால் போடுங்கள். இரண்டு விரல் கிள்ளு உப்பு கைப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். உப்புத் தெரிந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். பிரஷர் உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

"கலக்கும்போது சரியா இருந்தது. ஐஸ் போட்டதும் இனிப்பைக் காணேல்ல."

குளிர் நாக்கின் இனிப்பை மழுக்கும். ஐஸும் உருகித் தண்ணீரைக் கூட்டும். ஆகவே லீற்றருக்குச் சொன்ன தண்ணீரில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தை ஐஸுக்கு விடுங்கள். தேசிச்சாற்றையே ஐஸ் தட்டில் உறையவைத்து இரண்டு கட்டி போட்டால் இன்னும் நல்லது, உருக உருகச் சுவை கூடும். கடையில் வாங்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாதபோது நான் போடுவதில்லை.

"காலமை செய்து வச்சா பின்னேரம் வரைக்கும் இருக்குமா?"

மேசையில் என்றால் இரண்டு மணி நேரம். எங்கள் சூட்டில் பனங்கட்டித் தண்ணீர் நுரைக்கத் தொடங்கிவிடும். பிரிட்ஜில் ஒரு நாள் இருக்கும், ஆனால் வாசம் போய்விடும். நான் பாகைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, குடிக்கிற நேரத்தில் கலக்குகிறேன். பாகு காய்ந்த கண்ணாடிப் போத்தலில், பிரிட்ஜில் இரண்டு கிழமை. சாறு ஐஸ் தட்டில் உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம்.

அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் புளிப்பை வைக்க வேண்டாம், உலோகச் சுவை இறங்கும். கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. பாகுப் போத்தலில் ஒருமுறை ஈரக் கரண்டி போட்டுவிட்டு வெளியில் மறந்துபோய் மூன்றாம் நாள் திறந்தேன். மூடி சத்தத்தோடு எழும்பியது, கள் மணம் அடித்தது. அந்த மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

"தேசிக்காய் விலை கேட்க முடியாது. வேற என்ன போடலாம்?"

விலை ஏறும் காலத்தில் சாற்றைப் பாதியாக்கி, ஊர்த் தோடம்பழச் சாற்றைச் சேருங்கள். பச்சைத் தோலோடு வருவது, புளிப்பும் இனிப்பும் அதிலேயே இருப்பதால் பாகும் குறையும். அம்பரெல்லாக் காயை அரைத்து வடித்தும் செய்யலாம். அதற்குக் கித்துள் நன்றாகப் பொருந்தும்.

தேசிக்காயே இல்லாவிட்டால் பானகம் இருக்கிறது. பழப்புளி கரைத்து வடித்து, பனங்கட்டி, சுக்கு, ஏலக்காய். ஆடிவேல் திருவிழாக் காலத்துத் தாகசாந்திப் பந்தலில் வெயிலில் நின்று ஒரு கோப்பை வாங்கிக் குடித்தவர்களுக்கு அந்தச் சுவை மறக்காது. விலை மலிந்த நேரத்தில் வாங்கிச் சாற்றை உறையவைப்பது (மேலே சொன்னபடி) எல்லாவற்றிலும் புத்தியான வேலை.

"சீனி போடேல்லத்தானே, பனங்கட்டிதானே. சீனி வருத்தக்காரர் குடிக்கலாம் என்ன?"

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். பனங்கட்டியிலும் கித்துளிலும் பெரும்பங்கு இருப்பது வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்குரோஸ்தான். தேனும் ஐந்தில் நாலு பங்கு சீனிதான். கொஞ்சம் தாது உப்புகள் கூட இருக்கின்றன, உண்மை. ஆனால் ஒரு கிளாஸில் வரும் அளவுக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை. இரத்தத்தில் சீனியை இவையும் ஏற்றும். இயற்கை என்ற சொல்லைக் கேட்டு எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நாளுக்கு மூன்று கிளாஸ் குடித்தார். அடுத்த பரிசோதனையில் அளவு எகிறியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். என் அளவில் ஒரு கிளாஸில் ஒரு மேசைக்கரண்டி பாகு. அதில் ஏறத்தாழ 9 கிராம் சீனி, அதாவது இரண்டு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது, தேன், பாகு, பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று. 2016 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் நிறப் புள்ளி போடுகிறார்களே, அந்தக் கணக்கில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை. எங்கள் பானம் நடுவில், செம்மஞ்சளில் நிற்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நான் செய்வது வேறு: தேசிச்சாற்றைப் பாதியாக்கி, கிள்ளு உப்பு, தட்டிய இஞ்சி, கசக்கிய ஒரு தேசி இலை, குளிர்ந்த தண்ணீர். தேசி இலையை மோருக்குப் போடுவதுபோலத்தான். புளிப்புக் குறைந்தால் இனிப்பும் தேவைப்படாது. சீனித்துளசி இலை வீட்டில் இருந்தால் இரண்டைப் போட்டு ஊறவிடலாம், பின்வாயில் லேசான கைப்பு நிற்கும். செவ்விளநீரிலும் சீனி இருக்கிறது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியமும் கவனிக்க வேண்டியது. வைத்தியரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

"காலையில் வெறும் வயிற்றில் தேனும் தேசிக்காயும் குடித்தால் கொழுப்புக் கரையுமாமே?"

கரையாது. சோடாவுக்கும் பால் தேநீருக்கும் பதிலாக இதைக் குடித்து மொத்தச் சீனி குறைந்தால் உடம்பும் குறையலாம், அவ்வளவுதான். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் இது ஆகாது. குடித்த கையோடு பல் தீட்ட வேண்டாம். புளிப்புப் பட்ட பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் விட்டுத் தீட்டுங்கள்.

"ஏழு மாசப் பிள்ளைக்கு ஒரு கரண்டி தேன் விட்டுக் கொடுக்கலாமா? அம்மம்மா கொடுக்கச் சொல்றா."

ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம். தேனில் சில வேளை இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. அம்மம்மா அன்பில் சொல்கிறார். அவருக்கு ஆறுதலாக இதை எடுத்துச் சொல்லுங்கள். பனங்கட்டித் தண்ணீரும் இந்த வயதுக்குத் தேவையில்லை.

"தேசிக்காய் பிழிஞ்சிட்டு மொட்டை மாடியில உடுப்புக் காயப்போட்டேன். இரண்டு நாளில கை சிவந்து, இப்ப கறுத்த அடையாளமா நிக்குது."

ஒவ்வாமை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தேசியும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் எங்கள் தோலைச் சுட்டுவிடும், கொப்புளமும் வரலாம். கருமை மறைய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். பிழிந்து முடிந்ததும் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பிள்ளைகள் காலிமுகத்திடலில் பட்டம் விடப் போகும் நாளில் அவர்கள் கையில் தேசிக்காய் பிழியக் கொடுக்காதீர்கள். கொப்புளம் வந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

"வயிற்றோட்டத்துக்கு ஜீவனிக்குப் பதிலா கொடுக்கலாமா? டெங்குக்காரருக்கு?"

வயிற்றோட்டத்துக்கு ஜீவனிதான், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அந்த உப்புப் பொடி. அதில் உப்பும் குளுக்கோஸும் குடல் இழுத்துக்கொள்ளும் விகிதத்தில் இருக்கின்றன. எங்கள் பானத்தில் நாக்குக்குப் பிடித்த விகிதம் இருக்கிறது, அது வேறு கணக்கு. பக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரில் கரைத்து அதையே கொடுங்கள்.

டெங்குக் காய்ச்சலில் நீராகாரம் நிறையக் கொடுக்கச் சொல்வார்கள், எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்வார். ஆனால் சிவப்பும் கபிலமும் ஆன பானங்களைத் தவிர்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நோயாளி வாந்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்ததா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். பனங்கட்டியும் கித்துளும் போட்ட தண்ணீர் நல்ல கபில நிறம். வத்தகப்பழம் சிவப்பு. ஆகவே காய்ச்சல் வந்த வீட்டில் இவை இரண்டும் வேண்டாம். செவ்விளநீர், கஞ்சி, ஜீவனி கொடுங்கள். தேசிக்காய்த்தான் வேண்டும் என்று நோயாளி கேட்டால் வெள்ளைச் சீனியிலேயே, வெளிறிய நிறத்தில், புளிப்பைக் குறைத்துச் செய்யுங்கள். என் வீட்டு அலுமாரியில் ஒரு சின்னப் போத்தல் வெள்ளைச் சீனி இதற்கென்றே இருக்கிறது.